சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம்: குடும்பத்துக்கான கேள்விகளும் பதில்களும்

கோவை, திருப்பூர் வட்டாரத்து நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் வேலையில் இருப்பதால், ஏப்ரலிலும் தீபாவளி போனஸ் சமயத்திலும் ஜனவரியிலும் ஒரே சந்தேகங்களைப் பலரும் கேட்பதைக் காண்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் அனைத்தும் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை ஈட்டிய வருமானத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். ஆனால் 2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

வரியை வருசக் கடைசியில மொத்தமாக் கட்டுனா ஆகாதுங்களா? மாசாமாசம் எதுக்குங்க பிடிக்கறாங்க?

வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, சம்பளம் தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. இதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். நிறுவனம் உங்கள் ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கு வரும் வரியைக் கணக்கிட்டு, அதை மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்கிறது. பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊழியருக்கும் இல்லை, பிடிக்காமல் விடும் உரிமை நிறுவனத்துக்கும் இல்லை.

நிறுவனம் தனக்குத் தெரிந்ததை வைத்து மட்டுமே மதிப்பிடுகிறது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வங்கி வட்டி, முன்பு பார்த்த வேலையின் சம்பளம், தோப்பு வருமானம் எதுவும் நீங்கள் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. ஜூலையில் ரிட்டன் (ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் கணக்கு) தாக்கல் செய்யும்போது திடீரென்று பெரிய தொகை கட்ட வேண்டி வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கிறது.

எனக்கு வருசத்துக்கு எவ்வளவு வரி வரும்னு நானே எப்படிங்க கணக்குப் போடறது?

வரி கணக்கிடப் பழைய முறை, புதிய முறை என இரண்டு உண்டு. புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. அதற்கு ரசீது எதுவும் தேவையில்லை. கிடைக்கும் வரித் தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேரும்.

மாதம் 1,25,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 லட்சம். நிலையான கழிவு போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000. மீதி 2,25,000க்கு 15 சதவீதம் என்றால் 33,750. கூட்டினால் 93,750. செஸ் 3,750. ஆக மொத்தம் 97,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125. உங்கள் சம்பளச் சீட்டில் வருமான வரி என்று இருக்கும் தொகை இதற்கு அருகில் இருந்தால், நிறுவனத்தின் மதிப்பீடும் உங்கள் மதிப்பீடும் ஒத்துப்போகின்றன. இந்த 15 லட்சம் கணக்கைக் கீழே பல இடங்களில் மேற்கோள் காட்டுவேன்.

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்ந்ததே இங்கே சம்பளம். கைக்கு வரும் தொகையை வைத்துக் கணக்கிடக் கூடாது, ஏனெனில் அதில் வருங்கால வைப்பு நிதிக்கான உங்கள் பங்கு ஏற்கெனவே கழிந்திருக்கும். புதிய முறையில் அந்தப் பங்குக்கு வரிச்சலுகை கிடையாது.

12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொன்னாங்க. 12,10,000 ஆயிருச்சுன்னா முழுசும் கட்டணுங்களா?

12 லட்சம் வரை வரி இல்லை என்பதற்குக் காரணம் 87ஏ பிரிவின் தள்ளுபடி. வரி விதிக்கத்தக்க வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், அதற்கு வரும் வரியில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி ஆகிறது. நிலையான கழிவையும் சேர்த்துப் பார்த்தால், வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 12,75,000 சம்பளம் வரை வரி வராது.

கோட்டைச் சற்றே தாண்டியவர்களுக்கு விளிம்பு நிவாரணம் உண்டு. கழிவுக்குப் பின் வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500 வரும். ஆனால் கூடுதலாக ஈட்டியது 10,000 மட்டுமே என்பதால் வரியும் 10,000த்தோடு நிற்கும். செஸ் சேர்த்து 10,400. ஏறத்தாழ 12,70,000 வரை இந்த நிவாரணம் பயன்படும், அதற்குப் பின் முழு வரிதான். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபத்துக்குத் தனி விகிதத்தில் வரும் வரியின் மீது இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நானும் வேலைக்குப் போறேன், எங்க ஊட்டுக்காரரும் போறாரு. ரெண்டு பேரு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டணுங்களா?

வேண்டாம். நம் நாட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டன் தாக்கல் செய்யும் முறை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி பான், தனி அடுக்கு, தனித் தள்ளுபடி. மேலே சொன்ன 15 லட்சம் சம்பளக்காரரின் மனைவி பள்ளி ஆசிரியையாக ஆண்டுக்கு 6 லட்சம் வாங்கினால், அவருக்குக் கழிவு போக 5,25,000. தள்ளுபடியால் வரி இல்லை. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டன் தாக்கல் செய்தாக வேண்டும். வரி இல்லாததால் ரிட்டனும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பழைய முறை நல்லதுங்களா, புதுசு நல்லதுங்களா? வீட்டுக் கடன் இருக்குதுங்க.

கடன் இருப்பது மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 50,000. இதற்கு ஈடாக சேமிப்பு, காப்பீட்டு பிரீமியம் போன்றவற்றுக்கு 80சி பிரிவில் 1,50,000 வரை, மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி பிரிவில் குடும்பத்துக்கு 25,000 வரை, அறுபது வயதைத் தாண்டிய பெற்றோருக்கு மேலும் 50,000 வரை, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். வாடகைப்படிக்கும் விலக்கு உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சம்பளத்தின் 40 சதவீதம்தான் உச்ச வரம்பு.

நமது 15 லட்சக்காரர் இந்த நான்கு கழிவுகளையும் முழுதாகப் பயன்படுத்துகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,25,000. நிலையான கழிவும் போக 10,25,000. வரி 1,20,000, செஸ் சேர்த்து 1,24,800. புதிய முறையின் 97,500ஐ விட 27,300 அதிகம். அவருக்குப் பழைய முறை இலாபமாக வேண்டுமானால், நிலையான கழிவைத் தவிர 5,43,750க்கு மேல் கழிவு இருக்க வேண்டும். சொந்த வீட்டிலேயே குடியிருந்து கடன் கட்டுபவருக்கு அது எட்டாத தொகை. ஈரோட்டில் சொந்த வீட்டைக் கட்டிவிட்டு வேலைக்காகக் கோவையில் வாடகைக்கு இருப்பவர்களில் சிலருக்கு அது எட்டும். வரிக்காக மட்டும் தேவையில்லாத பாலிசி எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை; மார்ச் மாதத்து அவசரத்தில் எடுத்த பாலிசிக்குப் பல ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும்.

ஏப்ரல்ல ஆபீஸ்ல கேட்டாங்க, எந்த முறைன்னு சொல்ல மறந்துட்டேன். இனிமே மாத்த முடியுங்களா?

எதுவும் சொல்லாவிட்டால் நிறுவனம் புதிய முறைப்படி பிடிக்கும். நடுவில் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான நிறுவனங்கள் இடம் தருவதில்லை. ஆனால் நிறுவனத்திடம் சொன்னது பிடித்தத்துக்கு மட்டுமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடு நாளுக்குள் ரிட்டன் தாக்கல் செய்யும்போது எந்த முறையையும் தேர்ந்தெடுக்கலாம். கூடுதலாகப் பிடித்தது ரீஃபண்டாக வரும். கெடு தாண்டிவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தீபாவளி போனஸ் வந்த மாசம் சம்பளம் கம்மியாத்தான் வந்துச்சு. போனஸுக்குத் தனி வரிங்களா?

தனி வரி இல்லை. போனஸும் சம்பளமே. ஏப்ரலில் மதிப்பிட்டபோது அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால், வந்த மாதத்தில் ஆண்டு மதிப்பீடு உயர்கிறது. 15 லட்சக்காரருக்கு அக்டோபரில் 1 லட்சம் போனஸ் வந்தால், அந்த லட்சம் முழுவதும் 15 சதவீத அடுக்கில் விழுகிறது. செஸ் சேர்த்து 15,600 கூடுதல் வரி.

இந்த 15,600ஐ நிறுவனம் இரண்டு விதமாகப் பிடிக்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 2,600 கூடும். அதாவது 8,125 என்றிருந்த வரி 10,725 ஆகும். அல்லது அக்டோபரிலேயே முழுத் தொகையையும் பிடித்தால் அந்த மாதச் சீட்டில் வரி 23,725 என்று நிற்கும். பண்டிகைக்குப் பணம் கையில் இருப்பது வசதி என்பதால் பங்கிட்டுப் பிடிக்கும்படி கேட்கலாம். ஆண்டுக்குள் ஏற்றியிறக்கிச் சரிசெய்துகொள்ள 192ஆம் பிரிவே நிறுவனத்துக்கு இடம் தருகிறது. போனஸ் வருவது உறுதி என்றால், ஏப்ரலிலேயே அதை மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

வங்கியில டெபாசிட் வட்டிக்குத்தான் 10 சதவீதம் பிடிச்சுட்டாங்களே, அதோட முடிஞ்சுதுங்களா?

முடியவில்லை. வட்டி உங்கள் சம்பளத்தின் உச்சியில் போய்ச் சேர்கிறது. 15 லட்சக்காரருக்கு வட்டி 80,000 வந்தால் வங்கி 8,000 பிடித்திருக்கும். அவருடைய அடுக்கு 15 சதவீதம் என்பதால், செஸ்ஸோடு சேர்த்து வர வேண்டிய வரி 12,480. மீதி 4,480ஐ அவர்தான் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 50,000 வரை உள்ள வட்டிக்கு (அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 1 லட்சம் வரை) வங்கி எதையும் பிடிக்காது. ஆனால் வங்கி பிடிக்காத வட்டிக்கும் வரி உண்டு.

சம்பளத்தில் பிடிக்கும் தொகையை நாமே சரிசெய்துகொள்ள வழி உண்டு. 12பிஏஏ படிவத்தில் மற்ற வருமானத்தையும், அதில் ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ்ஸையும் எழுதி நிறுவனத்திடம் தரலாம். 2024 அக்டோபரில் இந்தப் படிவம் வந்தது. நிறுவனம் 15,05,000க்கான 1,09,980இலிருந்து வங்கி பிடித்த 8,000ஐக் கழித்து 1,01,980ஐ மாதங்களுக்குப் பங்கிடும். சம்பளப் பிரிவுக்குத் தன் சேமிப்பு தெரியக் கூடாது என்று நினைப்பவர் படிவம் தராமல் தாமே கட்டிக்கொள்ளலாம். இரண்டும் சட்டப்படி சரியே.

அப்ப டெபாசிட்டைச் சம்சாரம் பேர்ல போட்டுட்டா வரி மிச்சமாகுமுங்களா?

ஆகாது. கணவனின் பணத்தை மனைவி பெயரில் போட்டால், 64ஆம் பிரிவின்படி அந்த வட்டி கணவனின் வருமானத்தில்தான் சேரும். மனைவி பணத்தைக் கணவன் பெயரில் போட்டாலும் அப்படியே. சிறு வயதுப் பிள்ளைகளின் பெயரில் போட்டால் பெற்றோரில் வருமானம் அதிகம் உள்ளவருக்குச் சேரும். மனைவி தன் சம்பளத்தில் சேமித்துப் போட்டதும், அவருக்குப் பிறந்த வீட்டில் தந்த பணமும் அவருடையவையே.

பெற்றோருக்கு உண்மையாகவே கொடுத்துவிட்ட பணத்துக்கு வரும் வட்டி அவர்கள் வருமானம், மகனுக்குச் சேராது. அவர்களுக்கு அறுபது வயதாகி, ஆண்டு வரி எதுவும் வராது என்றால் 15எச் படிவம் தந்து வங்கியில் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். ஆனால் பணம் பெற்றோர் பெயரிலும் வட்டி மகன் கணக்கிலும் போவது கொடை ஆகாது.

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்து செப்டம்பர்ல வெளிய வந்து, சரவணம்பட்டியில ஐடி கம்பெனியில சேர்ந்தேன். ரெண்டு இடத்துலயும் வரியே பிடிக்கலைங்க. நல்லதுதானுங்களே?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். முதல் ஆறு மாதம் 75,000 வீதம் 4,50,000. அடுத்த ஆறு மாதம் 1,50,000 வீதம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் ஆண்டு முழுவதற்கும் 9 லட்சம் என்று மதிப்பிட்டது. கழிவு போக 8,25,000. தள்ளுபடியால் வரி இல்லை. இரண்டாவது நிறுவனம் தான் தரப்போவது 9 லட்சம் என்று பார்த்தது; அதே கணக்கு, வரி இல்லை. நிலையான கழிவையும் தள்ளுபடியையும் இருவரும் தனித்தனியே தந்துவிட்டார்கள்.

உண்மையான வருமானம் 13,50,000. ஒரே ஒரு கழிவு போக 12,75,000. வரி 71,250, செஸ் 2,850, மொத்தம் 74,100. ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படாததால் முழுவதையும் தாமே கட்ட வேண்டும், அதன்மேல் அடுத்த பதிலில் சொல்லும் வட்டியும் சேரும். புதிய இடத்தில் சேர்ந்த வாரமே 12பி படிவத்தில் பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதித் தந்துவிட்டால், புதிய நிறுவனம் மீதி ஆறு மாதங்களில் மாதம் 12,350 வீதம் பிடித்து முடித்திருக்கும்.

பிடிச்சது போதாதுன்னு நடுவுலயே தெரிஞ்சுதுன்னா என்னங்க செய்யறது?

முதல் வழி 12பிஏஏ. இரண்டாவது அட்வான்ஸ் டாக்ஸ். பிடித்தம் போக ஆண்டுக்கு 10,000 அல்லது அதற்கு மேல் வரி மீதமிருக்கும் என்றால், ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். தவறினால் 234பி, 234சி பிரிவுகளின்படி மாதம் 1 சதவீதம் வட்டி. தொழில் வருமானம் இல்லாத அறுபது வயதானவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கிடையாது.

எனது அனுபவத்தில் சம்பளத்திலேயே பிடிக்கச் செய்வதுதான் எளிது. தவணை நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, சம்பளத்தில் பிடிபட்ட தொகைக்கு தவணை தவறிய வட்டியும் வராது.

பொள்ளாச்சியில எங்க பேர்ல தென்னந்தோப்பு இருக்குதுங்க. விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே?

விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை உயர்த்தும். நிகர விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டி, மற்ற வருமானம் 4 லட்சத்தையும் தாண்டினால் இரண்டையும் சேர்த்து ஒரு முறையும், விவசாய வருமானத்தோடு 4 லட்சத்தைச் சேர்த்து மறுமுறையும் வரி கணக்கிட்டு, வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

கழிவுக்குப் பின் சம்பளம் 11 லட்சம், தோப்பில் செலவு போக 3 லட்சம் என்போம். 14 லட்சத்துக்கு வரி 90,000. 7 லட்சத்துக்கு 15,000. வித்தியாசம் 75,000. விவசாயம் நீங்கலான வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி உண்டு, ஆனால் அது 60,000த்தோடு நிற்கும். மீதி 15,000, செஸ் சேர்த்து 15,600. சம்பளப் பிரிவு பொதுவாக விவசாய வருமானத்தைக் கணக்கில் எடுக்காது. அதன் கணக்கில் இவருக்கு வரியே இல்லை. எனவே இதை அட்வான்ஸ் டாக்ஸாகத் தாமே கட்ட வேண்டும். விளைந்த மஞ்சளை வேகவைத்து உலர்த்தி விற்பதும் விவசாய வருமானமே. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையும் பால் வியாபாரமும் அதில் சேரா. தோப்பு தந்தை பெயரிலேயே இருந்து வருமானமும் அவருக்கே போகிறதென்றால், மகனின் கணக்கில் இது எதுவும் வராது.

சோமனூர்ல என் பேர்ல விசைத்தறி கூலிக்கு ஓடுது, நான் கம்பெனி வேலைக்கும் போறேன். இதையும் ஆபீஸ்ல சொல்லணுங்களா?

சொல்லலாம்; கட்டாயமில்லை. கூலி வரவு ஆண்டுக்கு 20 லட்சம், எல்லாம் வங்கி வழியே வந்தது என்றால், 44ஏடி பிரிவின்படி அதில் 6 சதவீதமான 1,20,000ஐக் குறைந்தபட்ச இலாபமாகக் காட்டலாம். ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம். சம்பளம் 9 லட்சம் என்றால் கழிவு போகக் கூட்டுத்தொகை 9,45,000; வரி இல்லை. கூலி தருபவர் 1 சதவீதம் பிடித்த 20,000 ரிட்டன் வழியே திரும்பி வரும். வரி வரும் அளவுக்குச் சம்பளம் இருந்தால், 44ஏடியில் காட்டுபவர் முழு அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

தொழில் வருமானம் உள்ளவருக்கு ஆண்டுதோறும் முறையை மாற்றும் உரிமை இல்லை. 10-ஐஇஏ படிவம் தந்து பழைய முறைக்குப் போனவர் ஒருமுறைதான் புதிய முறைக்குத் திரும்ப முடியும். ஆகவே தறி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அவருக்குப் பழைய முறை தேவையா என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

பிப்ரவரி, மார்ச்ல மட்டும் சம்பளத்துல பாதி போகுதுங்க. ஏனுங்க?

இது பழைய முறையில் இருப்பவர்களின் கேள்வி. ஏப்ரலில் 80சிக்கு 1,50,000 காட்டுவதாகச் சொன்னவர், ஜனவரியில் 12பிபி படிவத்தோடு 90,000க்கு மட்டுமே ரசீது தந்தால், விடுபட்ட 60,000க்கு 30 சதவீத அடுக்கில் 18,720 வரி வரும். அதை இரண்டே மாதங்களில் பிடிக்க வேண்டியிருப்பதால் மாதம் 9,360 கூடுகிறது. வாடகை ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் இல்லாமல் சம்பளப் பிரிவு வாடகைக் கழிவை ஏற்காது. நிறுவனத்துக்குத் தரத் தவறிய ரசீதுகளை ரிட்டனில் காட்டி ரீஃபண்ட் பெறலாம்.

அதிகமாப் பிடிச்சுட்டாங்க, குறைக்கச் சொல்ல முடியுங்களா?

ஆண்டு முடியும் முன் தெரிந்தால் நிறுவனமே அடுத்த மாதங்களில் குறைத்துக்கொள்ளலாம். மார்ச் சம்பளம் போன பிறகு ரீஃபண்ட்தான் வழி. முந்தைய ஆண்டுகளின் நிலுவை மொத்தமாக வந்து வரி கூடியிருந்தால், 89ஆம் பிரிவின் நிவாரணம் உண்டு. ரிட்டனுக்கு முன்பே வருமான வரித் தளத்தில் 10ஈ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அகவிலைப்படி நிலுவை வாங்கும் ஆசிரியர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

சம்பளச் சீட்டுல வரி பிடிச்சிருக்காங்க, ஆனா 26ஏஎஸ்ல காணோம். நானே மறுபடியும் கட்டணுங்களா?

வேண்டாம். சம்பளத்தில் பிடித்த வரியை நிறுவனம் அரசுக்குச் செலுத்தாவிட்டால், அதே தொகையை ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ரிட்டனைச் சரிபார்க்கும் கணினி, 26ஏஎஸ்ஸில் (உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியல்) இல்லாத தொகையை ஏற்காமல் நோட்டீஸ் அனுப்பக்கூடும். அப்போது பிடித்தம் காட்டும் மாதச் சம்பளச் சீட்டுகளும், குறைந்த தொகையே வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான் உங்கள் ஆதாரம்.

26ஏஎஸ்ஸில் சம்பளப் பிடித்தம் காலாண்டுக்கு ஒருமுறைதான் பதிவாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்தது ஜூலை இறுதிக்குப் பிறகே தெரியத் தொடங்கும். அதற்குப் பின்னும் காணவில்லை என்றால், முதலில் உங்கள் பான் எண் சம்பளப் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையால் வேறொருவர் கணக்கில் போய் நிற்பது உண்டு. எண் சரியாக இருந்தால், படிவம் 16 (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்று) வரும் ஜூன் வரை காத்திராமல் எழுத்து மூலமாகக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.